மீன் தொட்டிக்கு ஒரு நிலா

சால்ட்ரிங் அயர்ன் சூடேறிவிட்டதா என்று பார்க்க ஈயக் கம்பியின் நுனியை அதன் மூக்கில் வைத்தார் குலசேகரன். ஈயம் உருகி ஒரு சொட்டாகத் திரண்டது, கூடவே அந்தப் பழைய புகை, முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மூக்கில் ஏறி ஏறிச் சொந்த வீட்டு வாசனை மாதிரி ஆகிவிட்ட புகை. மணி ஒன்றே கால். நாலு மணிக்கு உமாராணி வருவாள். போனில் அப்படித்தான் சொன்னாள், சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து மீனை எடுத்துக்கறேன், கூட மீன் கடைக்காரர் வருவார், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். நாலு மாசத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது. மீனை எடுத்துக்கறேன். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் எடுத்துக்கொண்டு போக அவளுக்குத் தோன்றியது மீன் ஒன்றுதான். பீரோவில் பட்டுப்புடவை இருக்கிறது, சுவரில் கல்யாணப் போட்டோ இருக்கிறது, அதையெல்லாம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருக்கட்டும். வரட்டும். வந்து பார்க்கட்டும். அவள் உள்ளே காலெடுத்து வைக்கும்போது ஹால் இருட்டாக இருக்க வேண்டும், ஜன்னலில் போர்வையை மாட்டிவிடலாம், தொட்டியில் மட்டும் நிலா காய வேண்டும். இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஒரு நிலாவைப் பண்ணி முடிக்க வேண்டும், அவ்வளவுதான் காரியம். சாமான்களை நேற்றே ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வந்தாயிற்று. மூன்று நீல எல்இடி, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பிக் கால், நெட்டைக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். ஒன்றின் குட்டைக் காலை அடுத்ததன் நெட்டைக் காலோடு சேர்த்து வரிசையாகப் பற்ற வைக்க வேண்டும். பழைய மோடத்தின் பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் பரணில் கிடந்தது. ஐ.டி.ஐ. படித்த முதல் மாதத்துப் பையன்கூட அரை மணியில் செய்கிற வேலை. அரை மணி. இந்த அரை மணியைத்தான் அவள் எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டாள்.

கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொட்டி வந்த புதிது, அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருப்பவள், எல்லாவற்றையும் அளந்து பார்க்கிற புத்தி, தண்ணீரில் அமிலம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருப்பாள். குழந்தை இல்லாத வீட்டில் ஏதோ ஒரு பொழுதுபோக்கு என்று அவரும் விட்டுவிட்டார். அவருக்கு மீனும் பிடிக்கவில்லை, அந்த பம்பு நாள் பூராவும் கொர்ரென்று இழுக்கிற சத்தமும் பிடிக்கவில்லை. படுக்கப் போகும்போது சுவரில் ஸ்விட்சைத் தட்டுவார், ஹால் விளக்கும் தொட்டி விளக்கும் ஒரே பலகையில் இருந்தன, உள்ளங்கையால் ஒரே தட்டு, பட், எல்லாம் அணைந்துவிடும். இருட்டில் தொட்டியிலிருந்து டக் டக் என்று கேட்கும். ஏஞ்சல் மீன்கள் திடீர் இருட்டில் மிரண்டு கண்ணாடியில் போய் மோதுகிற சத்தம். ஒரு நிமிஷம் பொறுத்து ஒவ்வொண்ணா அணைக்கக் கூடாதா, பயந்துபோகுது பாருங்க, என்பாள். சரி என்று சொல்வார், மறுநாள் கை தானாகத் தட்டிவிடும். அப்புறம் ஒருநாள் கொளத்தூர் மீன் கடையில் பார்த்துவிட்டு வந்து கேட்டாள், முகமெல்லாம் மலர்ந்திருந்தது, அந்த முகத்தைத்தான் இப்போது நினைவில் பிடித்து நிறுத்த முடியவில்லை, நெற்றி வந்தால் வாய் போய்விடுகிறது. "நிலா வெளிச்சம்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. எல்லா விளக்கையும் அணைச்சப்புறம் சின்னதா ஒரு நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். மீன் பயப்படவே இல்லை. உங்களுக்குத்தான் இந்த வேலையெல்லாம் தெரியுமே, ஒண்ணு பண்ணிக் குடுங்களேன்." அதற்கு அவர் சொன்னார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "மீனுக்கு நிலாவா? அப்புறம் நட்சத்திரம் கேக்குமா?" பக்கத்தில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தாள், கடகடவென்று சிரித்தாள். உமாராணியும் சிரித்தாள். அவளும் சிரித்தாள் இல்லையா? அப்படியானால் அதில் என்ன தப்பு. ஒரு வேடிக்கைப் பேச்சு. அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. இரண்டாம் தடவை கேட்டிருந்தால் பண்ணிக் கொடுத்திருப்பார். இரண்டாம் தடவை கேட்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது, அது அவள் குணம், அதற்கு அவர் என்ன செய்ய முடியும்.

மூன்றையும் பற்ற வைத்து, கரண்டைக் குறைக்கிற ரெசிஸ்டரைச் சேர்த்து, அடாப்டரைச் செருகினார். எரியவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் கம்பி, எரியவில்லை என்றால் வெட்கம். ஒவ்வொன்றாகக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், நடுவில் இருந்ததை மாற்றி வைத்திருந்தார், குட்டைக் கால் இருக்க வேண்டிய இடத்தில் நெட்டைக் கால். கவனம் சிதறுகிறதா? கொஞ்சம். சாப்பிடவில்லை அதனால். காலையில் இரண்டு ரஸ்க்கு. ஒன்று திரும்பி நின்றால் மூன்றும் எரியாது, வரிசையில் மாட்டினால் அப்படித்தான். மறுபடி ஈயத்தை உருக்கிப் பிரித்து, திருப்பி, பற்ற வைத்து, இந்தத் தடவை எரிந்தது. எரிந்த எரிப்பில் கண் கூசியது. கல்யாண மண்டப வாசலில் தொங்குகிற சரவிளக்கு மாதிரி ஒரு நீலம், நிலாவா இது. நூற்றிருபது ஓம் போட்டது தப்பு, கணக்குப்படி சரி, ஆனால் கணக்குப்படி சரியாக இருப்பது நிலாவாக இருக்காது. டப்பாவைக் கொட்டிப் பெரிய ரெசிஸ்டரைத் தேடினார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, மூன்று வளையமும் சிவப்பு, இரண்டாயிரத்து இருநூறு. அதைப் போட்டால் வெளிச்சம் ஒடுங்கிவிடும். தேடுகிற கைக்கு ஒரு துண்டுக் காகிதம் தட்டுப்பட்டது, எக்ஸ்சேஞ்சில் புகார் எழுதுகிற பழைய சீட்டு, சாம்பல் நிறத்தில் கோடு போட்டது, வேலையை விட்டு வரும்போது நாலைந்து கட்டு கொண்டு வந்திருந்தார், வீட்டில் எதையாவது குறித்துவைக்க உதவும் என்று. காகிதத்தைக் கசக்கி அந்தப் பக்கம் போட்டார். அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். நேரம் இரண்டு. நினைக்க வேண்டாம் என்று சொன்ன மாத்திரத்தில் அது வந்து எதிரில் உட்கார்ந்துகொள்கிறது, வரச் சொல்லாத விருந்தாளி மாதிரி, காபி கொடுத்தால்தான் போவேன் என்று.

எழுதி வைத்தார் இல்லையா. அதுதான் விஷயம். எழுதாமல் விட்டிருந்தால் அது வேறு. எழுதினார், நிறுத்தி, கோடு தப்பாமல், நல்ல கையெழுத்தில் எழுதினார். இரண்டு வருஷம் ஆகிறது, ஐப்பசி மாதம். அப்போது அவர் அவளோடு பேசாமல் பத்தொன்பது நாள். காரணம்கூட ஒரு பேச்சுதான், அவர் அக்கா முன்னால் அவள் சொன்னாள், "வேலையைத்தான் முன்கூட்டியே விட்டுட்டாரு, மீனுக்காவது வேளாவேளைக்குச் சாப்பாடு போடலாம்ல." அக்கா சிரித்தாள். அக்கா எதற்கும் சிரிப்பாள். அன்று மூடிய வாய். அவருக்கு அது புதிசில்லை, கை நீட்டியது கிடையாது, இந்த இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம், குடித்தது கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. பேச மாட்டார், அவ்வளவுதான். ஒருமுறை நாற்பத்தோரு நாள். அவள் பரிமாறுவாள், அவர் சாப்பிடுவார், போதும் என்றால் கையை இலைக்கு மேல் நீட்டுவார். முதல் வாரம் அவள் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள், இரண்டாம் வாரம் அழுவாள், மூன்றாம் வாரம் வீட்டில் பம்பு சத்தம் மட்டும் கேட்கும், அந்த மூன்றாம் வாரம் வரும்போது அவருக்குள் ஏதோ ஒன்று திருப்தியாகக் காலை நீட்டி உட்காரும். அதை இப்போது ஒப்புக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள். அப்படிப் பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் அவருடைய போன் அடித்தது. உமாராணியின் போன் அந்த வாரம் ரிப்பேருக்குப் போயிருந்தது. பேசியவன் அவள் தம்பி கருணாகரன், அரக்கோணத்திலிருந்து. "மாமா, அம்மாவுக்கு மூச்சுத் திணறுது. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். அக்காவைத்தான் கேட்டுட்டே இருக்காங்க. அக்கா வந்த உடனே சொல்லி அனுப்பிடுங்க மாமா." சரி என்றார். சீட்டை எடுத்து எழுதினார். கருணாகரன் அரக்கோணத்திலிருந்து பேசினான், அம்மாவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உன்னைக் கேட்கிறார்கள், மாலை 6.40. நேரத்தைக்கூட எழுதினார், பழக்கம். எழுதி, மீன் தீவன டப்பாவின் கீழே வைத்தார். எட்டு மணிக்கு அவள் வருவாள், வந்தவுடன் மீனுக்குத் தீவனம் போடுவாள், டப்பாவை எடுத்தால் சீட்டு. பெரம்பூரிலிருந்து அரக்கோணத்துக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம், பத்தரைக்குள் போய்விடலாம். வாயைத் திறக்காமலே தகவல் போய்ச் சேர்ந்துவிடும். பத்தொன்பது நாளும் கெடாது.

அன்று வெள்ளிக்கிழமை. இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் கால் இடறுகிறது. வெள்ளிக்கிழமை அவள் மீனுக்குத் தீவனம் போட மாட்டாள், வாரத்தில் ஒரு நாள் வயிறு காய்ந்தால் நல்லது என்று தொட்டி வந்த நாளிலிருந்து அப்படித்தான். அது அவருக்குத் தெரியுமா? தெரியும். அந்தச் சமயத்தில் ஞாபகம் இருந்ததா? இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறார். கிழமை யாருக்கு ஞாபகம் இருக்கிறது, வேலைக்குப் போகாதவனுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். ஆனால் எட்டு மணிக்கு அவள் வந்தாள், கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள், தொட்டிப் பக்கம் போகவில்லை, அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார், அப்போது தெரிந்ததா இல்லையா? ஒன்பது மணிக்கு தோசை வார்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். மூன்று தோசை சாப்பிட்டார். வாய் வரைக்கும் வந்தது. டப்பாவைப் பார் என்று இரண்டு வார்த்தை. வரவில்லை. வரவில்லை என்றால் அவர் தடுத்து நிறுத்தவில்லை, தொண்டையில் ஏதோ ஒன்று கட்டையைக் குறுக்கே போட்ட மாதிரி, பத்தொன்பது நாள் மூடிக் கிடந்த கதவு உடனே திறக்காது, எக்ஸ்சேஞ்சில் ரொம்ப நாள் பயன்படாத இணைப்பில் பச்சைக் களிம்பு பூத்துவிடும், கம்பி இருக்கும், கரண்ட் போகாது. நல்ல சமாதானம். இந்தச் சமாதானத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம். காலை ஆறு மணிக்கு அவள் டப்பாவை எடுத்தாள். அவர் படுக்கையறைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டைப் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் ஒன்றுமில்லை. பையை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவள் அம்மா விடிவதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். அவர் சாவுக்குப் போனார், மாலை போட்டார், பதினாறாம் நாளும் போனார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உமாராணியும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவர்தான் முதலில் பேசினார், காபியில் சர்க்கரை கம்மி என்றார், அவள் கொண்டுவந்து போட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தார். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு பையோடு வந்து நின்று, நான் போறேன், என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. எங்கே போவாள், அரக்கோணத்துக்குத்தான், தம்பி வீட்டுக்கு. அவன்தான் தூபம் போட்டிருப்பான். சின்ன வயசிலிருந்தே அக்கா அக்கா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். அவளாகப் போகிறவள் இல்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு அக்காவும் தம்பியுமாக அவரைப் பேசிப் பேசித் தீர்த்திருப்பார்கள், அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு, பார் இதுதான் உன் மாமா எழுதினது என்று. அந்த நினைப்பில் இந்த நாலு மாசமும் அவர் கருணாகரனுக்குப் போன் செய்யவில்லை, அவனும் செய்யவில்லை, செய்ய மாட்டான், செய்ய என்ன முகம் இருக்கிறது அவனுக்கு.

மூன்று சின்னக் கண்ணாடிச் சீசா, ஹோமியோபதி மாத்திரை வருகிறதே அது, அதற்குள் ஒவ்வொரு எல்இடியாக இறக்கி, வாயைப் பசையால் அடைத்தார். தண்ணீர் ஆவி ஏறினால் கம்பி கெட்டுவிடும், அதற்காக. மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பட்டையில் வரிசையாக ஒட்டித் தொட்டியின் மூடிக்கு அடியில், ஒரு ஓரமாகக் கட்டினார். நடுவில் வைக்கக் கூடாது. ஓரத்திலிருந்து சாய்வாக விழுந்தால்தான் தண்ணீர் அலையும்போது வெளிச்சம் அலையும், இது அவராகக் கண்டுபிடித்தது, நேற்று டார்ச்சை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. மீன்கள் பக்கத்தில் வந்து அவர் விரலைப் பார்த்தன. ஆறு இருக்கின்றன. ஏழு இருந்தது. அவள் போன வாரத்தில் ஒன்று செத்துப்போயிற்று, தீவனம் அதிகமாகப் போட்டுவிட்டார், பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டார். எண்ணுவாள். வந்தவுடன் எண்ணுவாள். நேற்று கொளத்தூர் போய் அதே மாதிரி ஒன்று வாங்கி விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார், அவளை ஏமாற்ற முடியாது, ஒவ்வொன்றின் கோடும் அவளுக்குத் தெரியும். இந்த நாலு மாசத்தில் அவர் ஸ்விட்சை ஒவ்வொன்றாகத்தான் அணைக்கிறார், தெரியுமா அவளுக்கு? முதலில் தொட்டி விளக்கு, கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு ஹால் விளக்கு. அதைச் சொல்லலாமா? சொன்னால் கேவலமாக இருக்கும். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதை மூன்று நாளாகத் தயார் செய்து வைத்திருக்கிறார். அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். மூன்று வார்த்தை. மன்னிப்பு என்ற சொல் இல்லை, அது சினிமாவில் சொல்வது, அவருக்கு வராது. மூன்று வார்த்தையை இப்போது வெளியே சொல்லிப் பார்த்தார். "அன்னிக்கு நான்." பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. நிறுத்திவிட்டார். ஒருவேளை சொல்லவே வேண்டியிருக்காது. இதைப் பார்த்தாலே புரிந்துகொள்வாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டது, இவர் மறக்கவில்லை, பண்ணிவிட்டார், அதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன சொல்ல வேண்டும்.

மூன்றரைக்குப் போர்வையை ஜன்னலில் மாட்டினார். வெயில் போர்வையின் நெசவு வழியாகக்கூட ஊசி ஊசியாக வந்தது, இன்னொரு போர்வையை மடித்துப் போட்டார். எல்லா விளக்கையும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு அடாப்டரைச் செருகினார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக அது வந்தது. முதலில் செடிகளின் ஓரம், அப்புறம் கூழாங்கல், பின்பு நட்டநடுவில் ஒரு ஏஞ்சல் மீன், மேலேயும் கீழேயும் நீண்ட துடுப்போடு, அசையாமல், பொழுது சாய்ந்தபின் குளத்தில் இருக்கிற மாதிரி. ஒன்றும் மிரளவில்லை. பம்பு கிளப்புகிற சின்ன அலை எதிர்ச்சுவரில் விழுந்து கல்யாணப் போட்டோ மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. குலசேகரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் கேட்டது இதைத்தான். ஒரு மத்தியான வேலை. எட்டு வருஷம் தினமும் இந்தச் சுவரில் இது ஊர்ந்திருக்கும், அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், ஒருவேளை அவரும் பக்கத்தில். அவ்வளவு வருஷத்தையும் ஒரே தட்டில் அணைத்த உள்ளங்கையைப் பார்த்தார், நீல வெளிச்சத்தில் அது வேறு யாருடையதோ போல் இருந்தது. கதவு மணி அடித்தது. நாலு.

"கரண்ட் இல்லையா?" என்றாள் உமாராணி. வாசலிலேயே நின்றாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

"இருக்கு" என்றார்.

அவளுக்குப் பின்னால் வந்த மீன் கடைக்காரர் தணிகாசலம், கையில் வாளியும் டியூபும் வலையுமாக, உள்ளே எட்டிப் பார்த்து, "அட, சார், சூப்பரா இருக்கே. மூன் லைட்டா? எங்க வாங்கினீங்க?" என்றார்.

"வாங்கலை. பண்ணேன்."

உமாராணி தொட்டிக்குப் பக்கத்தில் வந்தாள். குனிந்து பார்த்தாள். முகத்தில் பாதி நீலமாக இருந்தது, பாதி தெரியவில்லை, அவர் தெரிந்த பாதியையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆறுதான் இருக்கு" என்றாள்.

"ஒண்ணு போயிடுச்சு. நீ போன வாரமே."

"ம்." இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள், பக்கத்து வீட்டுக்காரர் புதிசாக வாங்கிய நாற்காலியைப் பார்த்துச் சொல்வது போல. பிறகு நிமிர்ந்து, சுவரிடம் போய், பலகையில் கையை வைத்தாள். "ஒரு நிமிஷம்..." என்றார் அவர். அவள் உள்ளங்கையால் தட்டினாள், எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன, வெள்ளை வெள்ளையாக, தொட்டிக்குள் ஆறு மீனும் சிதறிக் கண்ணாடியில் மோதின, டக், டக். அவள் தோளில்கூட ஒரு அசைவில்லை. "பிடிக்கணும்ல. வெளிச்சம் வேணும்" என்றாள்.

தணிகாசலம் கைகாரர். டியூப்பை வாயில் வைத்து ஒரு இழுப்பு, தண்ணீர் வாளியில் கொட்டத் தொடங்கியது. வலையில் ஒவ்வொன்றாக எடுத்து, காற்று நிரப்பின பாலிதீன் கவரில் விட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, ஒரு அட்டைப்பெட்டியில் வரிசையாக வைத்தார். குலசேகரன் இவ்வளவையும் விருந்துக்கு வந்தவர் மாதிரி ஓரமாக நின்று பார்த்தார். "இந்த லைட்டையும் கழட்டிக்கவா மேடம்?" என்று கேட்டார் தணிகாசலம்.

"வேணாம். அங்க ஜன்னல் பக்கத்துலதான் வெக்கப் போறேன். ராத்திரில தெரு விளக்கு வெளிச்சம் விழும். போதும்."

தணிகாசலம் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, முதலில் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார். படியிறங்குகிற சத்தம் கேட்டது. இப்போது சொல்ல வேண்டும், இப்போது விட்டால் காலி தொட்டியைத் தூக்க அவர் திரும்பி வந்துவிடுவார், அதற்கப்புறம் எப்போது. அன்னிக்கு நான். அவள் பாதி காலியான தொட்டியிலிருந்து செடிகளை எடுத்து ஈரப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றார். சொல்லிவிட்டார். சத்தம் கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டது.

அவள் எதை என்று கேட்கவில்லை. "ஆமா" என்றாள். செடியைச் சுற்றிக்கொண்டே. "இப்ப எதுக்கு அது."

அவ்வளவுதானா? இரண்டு வருஷம் அவர் சுமந்தது, மூன்று நாள் ஒத்திகை பார்த்தது, அதற்கு இவ்வளவுதானா? உள்ளே எதுவோ சுருக்கென்று எழுந்தது, பழக்கப்பட்ட கோபம், அது வந்ததும் கால் தரையில் ஊன்றின மாதிரி ஒரு தெம்பு. "அதை வெச்சுத்தானே உன் தம்பி உன்னைக் கிளப்பிவிட்டான்? அங்க உக்காந்துக்கிட்டு ரெண்டு பேரும் என்னைப் பத்தி என்ன பேசினீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உண்மையாகவே புரியாத மாதிரி பார்த்தாள். "எங்க?"

"அரக்கோணத்துல."

"நான் அரக்கோணம் போய் ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள். "இங்கதான் இருக்கேன், அயனாவரத்துல, லேடீஸ் ஹாஸ்டல்ல. இந்த வாரம்தான் ஒரு ரூம் கிடைச்சுது. கருணா என்கூடப் பேசறதில்லை."

"ஏன்?"

"அம்மாகிட்ட வராததுக்கு. எல்லாரும் வாசல்ல நின்னு கேட்டாங்க, ஏண்டி நேத்தே வரலைன்னு. புருஷன் என்கூடப் பேசி பத்தொன்பது நாள் ஆச்சு, சீட்டு எழுதி மீன் டப்பாவுக்குக் கீழ வெச்சாருன்னு எப்படிச் சொல்றது? வாய் கூசுச்சு. அவரு உடனே சொல்லிட்டாரு, நான்தான் காலைல போய்க்கலாம்னு இருந்துட்டேன்னு சொன்னேன். அது சுலபமா இருந்துச்சு." செடிப் பொட்டலத்தைப் பையில் வைத்தாள். "அம்மா கடைசிவரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். அதைச் சொன்னான். அதுக்கப்புறம் அவன் பேசலை."

தணிகாசலம் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். "சார் ஒரு கை பிடிக்கிறீங்களா" என்றார். குலசேகரன் தொட்டியின் ஒரு முனையைப் பிடித்தார். இரண்டு மாடி இறங்கும்வரை முன்னால் போகிற தணிகாசலத்தின் பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினார். ஆட்டோவில் அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். போறேன் என்று சொன்னாளா இல்லையா என்று படியேறி வரும்போது யோசித்தார், சொன்ன மாதிரியும் இருந்தது.

ஹாலில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. பம்பு இல்லாததால் வீடு காது அடைத்த மாதிரி இருந்தது. தரையெல்லாம் தண்ணீர். துடைக்க வேண்டும். துணியை எடுத்தார், வைத்துவிட்டார். இரண்டு வருஷமாக அவள் இந்த வீட்டில் தோசை வார்த்துக்கொண்டு, தம்பி பேசாமல் இருந்துகொண்டு, அவர் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் அவளுக்குப் பத்தொன்பது நாள் கொடுத்த மௌனத்தைத் தம்பி இரண்டு வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், அதுவும் அவர் பேரில் இருக்க வேண்டியதை. போனை எடுத்தார். கருணாகரன் பெயர் பட்டியலில் எங்கோ கீழே கிடந்தது. நாளைக்குச் செய்யலாம், ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருப்பான், இப்போது வேலையாக இருப்பான் என்று ஒரு பக்கம் ஓடுகிறபோதே விரல் அழுத்திவிட்டது. மூன்றாவது மணியில் எடுத்தான்.

"மாமா!" என்றான். குரலில் அப்படி ஒரு மரியாதை. "எப்படி இருக்கீங்க மாமா? நானே பேசணும்னு இருந்தேன். கேள்விப்பட்டேன், அவ உங்களையும் விட்டுட்டுப் போயிட்டாளாமே. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல மாமா. பெத்த அம்மாவையே கடைசி நேரத்துல வந்து பாக்காதவ. நீங்க உடனே சொல்லியும் வரலை. உங்க நல்ல மனசுக்கு இவ்வளவு நாள் வெச்சுக்கிட்டு இருந்தீங்க."

இது நன்றாக இருந்தது. காதில் வெதுவெதுப்பாக இருந்தது, நாலு மாசத்தில் யாரும் அவரிடம் இப்படிப் பேசவில்லை. ம் என்று ஒன்று சொன்னால் போதும். பரவாயில்லப்பா, நம்ம தலையெழுத்து என்று சொல்லி வைத்துவிடலாம். நனைந்த தரையில் நின்றுகொண்டு அவர் அந்தக் குரலை இன்னும் ஒரு நிமிஷம் கேட்டார், அந்த ஒரு நிமிஷத்தையும் அவரால் விட முடியவில்லை.

"கருணா, நான் சொல்றதைக் கேளு" என்றார். "அன்னிக்கு உங்க அக்காகிட்ட நான் சொல்லலை. நீ ஆறு நாற்பதுக்குப் போன் பண்ணே. நான் சீட்டுல எழுதி வெச்சேன். அவ காலைல ஆறு மணிக்குத்தான் பாத்தா. ராத்திரி எதிர்லதான் உக்காந்திருந்தா. நான் வாயைத் திறக்கலை. அவளோட சண்டை, அதனால. உன்கிட்ட அவ பொய் சொல்லியிருக்கா."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. திட்டுவான் என்று நினைத்தார், திட்டினால் நல்லது என்று நினைத்தார், எதற்கும் தயாராக இருந்தார். ஒன்றும் வரவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று போனை எடுத்துத் திரையைப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தார். அங்கே எங்கோ ஒரு பஸ் ஹாரன், ஒரு பெண்குரல், மூச்சு. அவன் மூச்சுத்தான். இருக்கிறான், பேசவில்லை.

"கருணா" என்றார். "கேக்குதா?"

பத்து நொடி, இருபது நொடி. நாற்பத்தோரு நாள் சும்மா இருந்த மனுஷனுக்கு இந்த அரை நிமிஷம் தாங்கவில்லை. ஏதாவது சொல்லுடா, என்னைக் கெட்ட வார்த்தை சொல்லு, வை என்றாவது சொல்லு.

"ஹலோ" என்றார். "ஹலோ. கருணா. ஹலோ."

நொடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தப் பக்கம் யாரும் வைக்கவில்லை.